அக்கா கை நீட்டிய பக்கம்

என் செல்ல அக்காவுக்கு,

நீ எழுத்துக் கூட்டிப் படித்ததில்லை. எனக்கோ கையால் இவ்வளவு நீளமாகப் பேச வராது. அதனால் எழுதுகிறேன், திட்டாதே.

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. வயல்களைக் கம்பெனிகளுக்கு விற்றபின் நம் ஊரில் உன்னைப்போல் காது கேளாதவர்கள் இருந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிவிட்டன. அவர்கள் பிள்ளைகள் விடுதிப் பள்ளியில் வேறு சைகை படிக்கிறார்கள். நம் ஊர்ச் சைகையில் பேச ஏழுமலை மாமா ஒருவர்தான் மிச்சம். ஆளில்லாமல் என்னைப் பிடித்து அறுக்கிறார்.

கல்லூரியிலிருந்து விமலா மேடம் கேமராவோடு வந்து, பள்ளிக்கூட அறையில் உன்னைப் பேசவைத்துப் படம் பிடித்தாரே, அதில் ஒரு சிக்கல். போன வாரம் போன் செய்தார்.

"செல்வி, அக்கா நேரத்தைச் சொல்ல ஒரு தடவை ஒரு பக்கம், இன்னொரு தடவை வேற பக்கம் கை நீட்டுறாங்க. அந்த நேரத்துக்குச் சூரியன் இருக்கற திசைன்னு இப்பதான் புரிஞ்சுது. ஜன்னலை மூடி, பின்னாடி வெள்ளைத் துணி கட்டிட்டேன். எந்தச் சுவரைப் பார்த்து உக்கார வச்சேன்னு குறிச்சு வைக்கல, எது கிழக்கு, எது மேற்குன்னு தெரியல."

எது காலை, எது சாயந்திரம் என்றே தெரியாவிட்டால் நீ பேசியதெல்லாம் வீண்தானே? எனக்குக் கோபம் வந்தது. படித்தவர்களுக்கு இதுகூடவா தோன்றாது? அப்புறம் என்மேலேயே வந்தது. கூட இருந்து விளக்கச் சொல்லி என்னைத்தான் கேட்டிருந்தார். நான் கம்பெனியில் ஓவர்டைம் என்று லைனுக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மேடம் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தார். படத்தில் நீ மூக்கைக் கிள்ளினாய். மூக்குத்திக்காரி, அதாவது நான். பிறகு இடது கையை இடப்பக்க முன்மூலையை நோக்கி நீட்டினாய். நாம் ஆளைச் சொன்னால் அந்த நேரம் அவர் இருக்கும் பக்கம் கை காட்டுவோம் இல்லையா? "நம்ம வீட்டைக் காட்டுது" என்றேன்.

அம்மா விடவில்லை. "இன்னாடி சொல்ற? அன்னிக்கு நீ வூட்லயா இருந்த? சுங்குவார்சத்திரத்துல, கம்பெனில இல்ல இருந்த? அதத்தான் காட்டிகினு கீறா."

மேடம் காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தார். பள்ளிக்கூடத்திலிருந்து என் கம்பெனி வடமேற்கே. அப்படியானால் நீ வடக்கு பார்த்து உட்கார்ந்திருக்கிறாய். உன் வலது பக்கம் காலை, இடது பக்கம் சாயந்திரம். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்துவிட்டது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் அடுப்பங்கரைக்குப் போய் அழுதேன்.

அன்று நான் வந்திருந்தால் உன் கை அவ்வளவு தூரம் நீண்டிருக்க வேண்டாம். பக்கத்திலிருந்த என் மூக்கையே கிள்ளியிருப்பாய்.

அடுத்த மாதம் மாமாவைப் படம் எடுக்கிறார்கள், வெளியே, வெயில் படும் இடத்தில். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். யார் கூப்பிட்டாலும் போகமாட்டேன். மாமா கைக்கு எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், அக்கா.

உன் தங்கச்சி,
செல்வி