நம்பும்படியாக இல்லாத மனைவி

பெரம்பலூர். 1979 தை, செவ்வாய் இரவு.

வாரப் பத்திரிகைக்கு நான் எழுதும் காட்டுத் தொடர்கதையில் இந்த வார அத்தியாயத்தைச் சரோஜாவிடம் வாசித்துக் காட்டினேன். அவளைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷமாகியும் எனக்குப் புத்தி வரவில்லை.

பச்சைமலைக் காட்டில் ஒரு புருஷனும் மனைவியும் வழி தவறிவிடுகிறார்கள். அவன் கால் ஒடிந்து பாறையடியில் கிடக்கிறான். தண்ணீர் ஒரு ஆளுக்குத்தான் காணும். அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, செத்தாலும் சேர்ந்தே சாவோம் என்கிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

சரோஜா மொச்சை உரித்தபடி கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"நம்புற மாதிரி இல்லீங்க. தண்ணிய எடுத்துக்கிட்டு அவ எறங்கிப் போயிடுவா."

"ஆள் கூட்டிட்டு வரத்தானே?"

"ஊரு வந்து சேந்துட்டா, அப்புறம் எதுக்குங்க திரும்ப மலையேறணும்?"

ஒரு 'ங்க' குறையவில்லை. மரியாதையாகவே சொல்லிவிட்டுத் தோலை முறத்தில் ஒதுக்கினாள்.

வந்த ஆத்திரத்தில் சாப்பிடாமல் எழுந்து அத்தியாயத்தைத் திருத்த உட்கார்ந்தேன். போகட்டும், தண்ணீரையும் எடுத்துக்கொண்டே போகட்டும். பாதி வழியில் ஒரு கண்ணாடிவிரியனை விட்டுக் கடிக்க வைத்தேன். சட்டென்று சாக விடவில்லை. இரண்டு பக்கம் துடிக்க வைத்தேன். கை வலித்தாலும் மனசு ஆறியது.

விளக்கை அணைக்கப் போனபோதுதான் உறைத்தது. அவளே செத்துவிட்டால், நான் அந்தப் பாறையடியில் கிடப்பது இனி யாருக்குத் தெரியும்?