சிவப்புக் காரை வேண்டாம் என்ற நாள்

ஆடி, ஞாயிறு இரவு.

கார் வாங்கப் போன நானும் இவரும் தென்காசியிலிருந்து பஸ்ஸிலேயே குற்றாலம் திரும்பினோம். ஆனாலும் மனசு நிறைந்திருக்கிறது.

லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து, நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்த அதே சிவப்புக் கார். பழைய கார் விற்கும் அண்ணாச்சி, "ஒரே ஓனர், டாக்டர் வண்டி, ஒரு குறையும் கிடையாது" என்று இவரிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட பேசுங்க. ஓட்டப்போறது அவதான்" என்றார் இவர்.

நான் சர்வீஸ் விவரம் கேட்டேன். அண்ணாச்சி மழுப்பினார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் பழைய ஓனரிடம் பேசி, கம்பெனி சர்வீஸ் சென்டரிலிருந்து வண்டியின் சர்வீஸ் பதிவைப் போனுக்கு வரவழைத்தார். பார்த்தால், வெள்ளத்தில் இன்ஜின் வரை தண்ணீர் ஏறிய வண்டி.

"எல்லாம் சரி பண்ணியாச்சு டீச்சர்."

"அத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி?"

வெளியே வந்தால், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி அதே காரைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். இலத்தூர்க்காரர்களாம். நான் திரும்பி அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"இவங்ககிட்ட நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றேன்.

அண்ணாச்சியே சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

இப்போது இவர் வாசலில் நின்று தங்கச்சியிடம் போனில் பேசுகிறார். "ஒம் மதினி இன்னைக்கு என்ன செஞ்சா தெரியுமா?" கார் வாங்கியிருந்தால்கூட இவ்வளவு உற்சாகமாகச் சொல்லியிருக்க மாட்டார். அவர் சொல்லும் கதையில் நான் கொஞ்சம் கூடுதலாகவே சத்தம் போடுகிறேன். சொல்லிக்கொள்ளட்டும்.