பத்து நாள் கடலுக்கு என்ன துணி

ஜனவரி 6

அன்புள்ள உனக்கு,

இங்கு நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கண்ணாடி இல்லாமல் படித்ததில் ஏதோ தவறாகப் படித்துவிட்டேன் என்று நினைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். தவறில்லை. நீ வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்காக, நம் மகள் நம் இருவருக்கும் கப்பல் பயணம் ஏற்பாடு செய்திருக்கிறாள். பத்து நாள், வெயில் அடிக்கும் கடல். "பதினொரு வருஷமா ஆளுக்கொரு ஊர்ல இருந்தாச்சு. பத்து நாள் ஒரே அறையில இருந்து பார்ப்போம். சரிப்பட்டு வந்தா மீதி நாளையும் ஒரே வீட்டுல கழிக்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் நான் எழுந்து கூடத்தில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன்.

போனில் கேட்காமல் கடிதமாக எழுதியதற்கு நன்றி. போனில் என்னிடமிருந்து மூச்சுச் சத்தம் மட்டும்தான் வருகிறது என்று நீ சொல்வது நியாயம்தான்.

இப்போது துணி விஷயம். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தே வயதானவனுக்குத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில்தான் தெரியும். அதன்மேல் மிதக்கும்போது என்ன உடுத்துவது என்று தெரியாது. என்னிடம் இருப்பதெல்லாம் கழுத்து வரை பொத்தான் போடும் முழுக்கைச் சட்டைகள். கீழ்த்தளத்துத் தையல்காரரிடம் கேட்டேன்.

"சார், கப்பல்ல போய் ஆபீசுக்குக் கிளம்பின மாதிரி நிக்கப் போறீங்களா? ரெண்டு பேன்ட்டைக் குடுங்க, முட்டியோட வெட்டித் தர்றேன்."

"முட்டி தெரியுமே" என்றேன்.

"தெரியட்டும் சார். உங்க முட்டிதானே, இரவல் வாங்கினதா?"

உன்னைக் கேட்காமல் வெட்ட மனம் வரவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குக் கோட் வேண்டுமா? தொப்பி காற்றில் பறந்துவிட்டால் என்ன செய்வது? இன்னொன்று, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஒரே அறை என்பதால் இரவு உடுப்பு புதிதாக வாங்க வேண்டுமா? இருப்பதில் முழங்கை அருகே ஒட்டுப் போட்டிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
நம் மகளின் அப்பா

*

ஜனவரி 10

என்னங்க,

உங்கள் நான்கு பக்கமும் வந்து சேர்ந்தன. வார்டில் உட்கார்ந்து படித்தேன். நான் சிரிப்பதைப் பார்த்து, என்னோடு இந்த மாதமே ஓய்வு பெறப்போகும் 'அலாரம்' வந்து பிடுங்கிக்கொண்டாள். (அவள் குரலுக்கு மயக்க மருந்து கொடுத்த நோயாளிகூட எழுந்துவிடுவார். அதனால் அந்தப் பெயர்.) "ஏண்டி, உன் வீட்டுக்காரர் கப்பல்ல வர்றாரா, இல்ல துணி மட்டும் வருதா?" என்று கேட்டாள்.

சரி, பதில்கள். அரைக்கைச் சட்டை நான்கு போதும், பருத்தியில். பேன்ட்டை வெட்டச் சொல்லுங்கள். உங்கள் முட்டியை நான் பார்க்காததா? கோட் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். டை வேண்டாம், சூப்பில் முக்கிவிடுவீர்கள். தொப்பிக்கு நாடா வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். இரவு உடுப்பு இருப்பதே போதும். அந்த ஒட்டைப் போட்டதே நான்தான், மறந்துவிட்டதா?

இனி என் கேள்வி. நான்கு பக்கத்திலும் "வருகிறேன்" என்ற வார்த்தையைத் தேடினேன். இல்லை. இன்னொரு முறையும் தேடினேன். இருபதாம் தேதி மகள் கப்பல் அலுவலகத்தில் பெயர் கொடுக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாதாம். "நீயே கேளும்மா. நான் கேட்டா எனக்காகச் சரின்னுடுவாரு" என்கிறாள். அவள் சொல்வது சரி. அவளுக்காக வேண்டாம், எனக்காகவும் வேண்டாம். உங்களுக்கு வர ஆசை இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள். ஒரு வரி போதும்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

நம் மகளின் அம்மா

*

ஜனவரி 16

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. பருத்தி என்று சொல்லிவிட்டாய், ஆனால் கடல் காற்றில் எந்தப் பருத்தி தாங்கும் என்பதில் எனக்கு நிச்சயம் வரவில்லை. அதனால் குளியலறை வாளியில், கடலில் எவ்வளவு உப்பு இருக்குமோ அந்த அளவுக்குக் கரைத்து, புதிதாக வாங்கிய நான்கு அரைக்கைச் சட்டைகளையும் ஊறவைத்து ஜன்னலோரம் காயப்போட்டேன். வெள்ளை, அட்டை போல விறைத்துவிட்டது. கோடு போட்டது சுருங்கிற்று. நீலம் சாயம் விட்டதால் வாளியும் என் விரல்களும் நீலம். சாம்பல் நிறம் மட்டும் நல்ல முறையில் தேறியது. அந்தத் துணியிலேயே இன்னும் மூன்று தைக்கச் சொன்னேன்.

தையல்காரர் என் விரல்களைப் பார்த்துவிட்டு, "சார், கடல்ல குதிக்கப் போறீங்களா, மேல உக்காந்து போகப் போறீங்களா?" என்றார். நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை.

பேன்ட்டுகளை வெட்டியாகிவிட்டது. கண்ணாடி முன் நின்று பார்த்தேன். வயதான ஒரு பள்ளிக்கூடப் பையன் தெரிந்தான். அவனை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காமல் போகவில்லை. பெட்டியைக் கட்டிவிட்டு, கனமாக இருக்கிறதே என்று பிரித்து, மறுபடி அப்படியே கட்டினேன்.

நீ கேட்ட வரியை எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்தவுடன் வேறு எண்ணங்கள் வந்துவிட்டன. என் குறட்டை முன்னைவிட அதிகம். சாப்பிட்டு முடிக்க நேரம் பிடிக்கிறது. கடல் ஆட்டம் எனக்கு ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். வாழ்நாளெல்லாம் நோயாளிகளைப் பார்த்தவள் ஓய்வு பெற்ற பிறகும் ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா என்று தோன்றுகிறது. என்னால் உனக்கு அந்தப் பத்து நாளும் கெட்டுவிடக் கூடாது. நான் வருவது உனக்குச் சரி என்று பட்டால், வருவதில் எனக்குத் தடையில்லை. வேண்டாம் என்று பட்டாலும் வருத்தப்பட மாட்டேன். உன் விருப்பம் எதுவோ, அதுவே எனக்கும்.

கோட்டில் பழுப்பு எடுத்துக்கொள்ளவா, கறுப்பா? அதை மட்டும் எழுது.

இப்படிக்கு,
நம் மகளின் அப்பா

*

ஜனவரி 21

என்னங்க,

பழுப்பு. அது உங்களுக்கு எப்போதும் எடுப்பாக இருக்கும்.

உங்கள் கடிதம் பத்தொன்பதாம் தேதி வந்தது. ஒரு நாள் முழுக்கக் கையில் வைத்திருந்தேன். போன் செய்து கேட்டிருக்கலாம். நான் கேட்டால் சரி என்று சொல்லியிருப்பீர்கள். அது எனக்குத் தெரிந்ததால்தான் கேட்கவில்லை. என் விருப்பத்தை நான் முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டேன். திரும்பவும் அதையே கேட்கிறீர்கள்.

இந்த ஊர் வேலைக்கு உத்தரவு வந்த அன்று, "போகட்டுமா?" என்று உங்களிடம் கேட்டேன். நினைவிருக்கிறதா? "உன் விருப்பம்" என்றீர்கள். பிறகு உள்ளே போய் அலமாரியைத் திறந்து, "அங்க குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்றீர்கள். போகாதே என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பேன். போ என்று சொல்லியிருந்தால், மாதம் ஒரு தடவையாவது ஓடி வந்திருப்பேன். கையில் ஸ்வெட்டர்தான் இருந்தது. நீங்கள் கெட்ட மனிதர் இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் உங்களைத் தங்கம் என்பார்கள். ஆனால் எந்த வாசலிலும் நான் மட்டுமே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. எனக்கும் கை வலிக்கிறது.

நேற்று மகளிடம் அலாரத்தின் பெயரைக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி மதியம் கிளம்புகிறோம். திரும்பி வந்து நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வீடு பார்ப்பதாக இருக்கிறது. அவளுக்கும் யாரும் இல்லை.

மகளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவள் அழுதுவிட்டாள். புதுச் சட்டைகளை அலமாரியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் மகளின் அம்மா

*

பிப்ரவரி 12

அன்புள்ள உனக்கு,

இதைத் துறைமுகத்துக்கு எதிரே உள்ள ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கப்பல் போய்விட்டது.

மூன்று வாரமாக உனக்குப் பதில் எழுத முயன்றேன். எழுதியதெல்லாம் விளக்கமாக வந்தது. கிழித்துவிட்டேன். நேற்றுத் தையல்காரர்தான், "இங்க உக்காந்து என்ன சார் பண்றீங்க? பெட்டியோட போய் நில்லுங்க. கடைசி நேரத்துல யாராவது வராமப் போவாங்க" என்றார். முதல் முறையாக யோசிக்காமல் ரயில் ஏறினேன்.

கப்பல் அலுவலகச் சன்னலில் கேட்டேன். ஓர் இடமும் இல்லை என்றாள் அந்தப் பெண். மூன்று பேர் கேட்டுப் போய்விட்டார்களாம். நன்றி சொல்லிவிட்டு, வழியனுப்ப வந்தவர்களோடு கம்பித் தடுப்பருகே நின்றேன்.

நீ மஞ்சள் தொப்பி போட்டிருந்தாய். உன் தோழி ஏதோ சொல்ல, நீ படியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. உன் பெயரை எனக்கே கேட்காத குரலில் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் பெட்டி தூக்குபவர் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே, யாரைக் கூப்பிடணும்?"

"அந்த மஞ்சள் தொப்பி. என் மனைவி."

"இவ்வளவு சத்தத்துல நீங்க மனசுக்குள்ள கூப்பிட்டா எப்படிக் கேக்கும்? பேரைச் சொல்லுங்க, நான் கூப்பிடறேன்."

சொன்னேன். அவர் இரண்டு கையையும் வாயில் குவித்து, துறைமுகமே திரும்பிப் பார்க்கும்படி உன் பெயரைக் கத்தினார். நீ திரும்பினாய். கூட்டத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தேடினாய். நான் பெட்டியோடு தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. உன் சிரிப்பு என்னைப் பார்த்ததும் நின்றுவிடும் என்று பயந்தேனோ என்னவோ. எட்டிப் பார்த்தபோது நீ இன்னும் தேடிக்கொண்டிருந்தாய். பின்னால் வந்தவர்கள் நெருக்க, உன் தோழி கையைப் பிடித்து உன்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். பெட்டி தூக்குபவர் என்னைப் பார்த்தார். "போங்க பெரியவரே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன்னைக் கூப்பிட்டது யார் என்று இந்தப் பத்து நாளும் நீ யோசிப்பாய். வேறு யாரையோ கூப்பிட்டார்கள் என்று உன் தோழி சொல்வாள். இல்லை. உன்னைத்தான். கூப்பிடச் சொன்னவன் நான்.

எனக்கு வர ஆசையாக இருந்தது. நீ ஊருக்குப் போன அன்றும், போகாதே என்று சொல்லத்தான் ஆசைப்பட்டேன். உன்னோடு ஒரே வீட்டில் இருக்க எனக்கு இன்றும் ஆசை. இது உன்னைக் கேட்டு எழுதியது இல்லை, என்னுடையது.

இந்தக் கடிதம் உனக்கு முன்னால் உன் வீட்டுக்குப் போய், கதவுக்குப் பின்னால் தரையில் கிடக்கும். நீ அதை எடுக்கும்போது, உன் தோழியோடு எந்த மாதிரி வீடு பார்ப்பது என்று கப்பலிலேயே பேசி முடித்திருப்பாய். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தபாலில் சேர்க்கிறேன்.

உன் கணவன்