அப்பா சைக்கிள் ஓட்டினார், அம்மா

என் உயிரான அம்மாவுக்கு,

நேற்றுக் காலை நடந்ததை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். நீ இருந்திருந்தால் முதல் போன் உனக்குத்தான் வந்திருக்கும். அப்பா சைக்கிள் ஓட்டினார், அம்மா. அதுவும் பந்தயத்தில்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகு மதுரையில் நான் ஓடப் பழகினேன். வீட்டில் பிள்ளைகள் முன்னால் அழ முடியவில்லை. ஓடுகிறவள் முகம் நனைந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இந்த மாதம் திண்டுக்கல்லில் ஒரு சின்னப் போட்டி இருக்கிறது என்று ஆபீஸ் தோழி சொன்னாள். மூன்று கிலோமீட்டர் ஓட்டம், பத்து கிலோமீட்டர் சைக்கிள், மறுபடி இரண்டு கிலோமீட்டர் ஓட்டம். நம் ஊர்தானே என்று பெயர் கொடுத்தேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. இந்தப் பதினோரு மாதத்தில் அவரும் நானும் பேசியதெல்லாம் மாத்திரை போட்டீர்களா, சாப்பிட்டீர்களா என்ற அளவில்தான். போட்டி முடிந்ததும் வீட்டில் தலையைக் காட்டிவிட்டு மதியமே பஸ் ஏறிவிடலாம் என்பது என் திட்டம்.

மைதானத்தில் அறுபது பேர் இருப்பார்கள். எனக்கு முன்னால் ஒருவர் சட்டையில் நம்பர் குத்திக்கொண்டு நின்றார். அரைக்கைச் சட்டை, கீழே நம் தம்பி பிரான்சியின் பழைய டிராக் பேண்ட். பாக்கெட்டில் ஜெபமாலை துருத்திக்கொண்டு தெரிந்தது. அவர் திரும்பினார். அம்மா, அது நம் அப்பா. ஞாயிற்றுக்கிழமை பூசையை ஒருநாளும் தவறவிடாத மனிதர், அறுபத்தெட்டு வயதில், அங்கே நிற்கிறார்.

“நீ எங்கம்மா இங்க?” என்றார்.

“நீங்க எங்கப்பா இங்க?” என்றேன்.

இரண்டு பேரும் பதில் சொல்வதற்குள் விசில் அடித்துவிட்டார்கள்.

முதல் ஓட்டம் முடிந்ததும் விலகிவிடுவார் என்றுதான் நினைத்தேன். எப்படி நினைக்காமல் இருப்பேன்? கல்யாணமான நாளிலிருந்து நீதான் வண்டி ஓட்டினாய். முதலில் சைக்கிள், பிறகு ஸ்கூட்டி. நீ பள்ளிக்கூடத்துக்குப் போகும் வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்து வந்து, பாதி வழியில் தன் ஆபீஸ் வாசலில் இறங்கிக்கொள்வார். டீச்சர் ஓட்ட, சார் சவாரி என்று ஊரே கேலி செய்தபோதும் சிரித்துக்கொண்டே இருந்தார். கற்றுக்கொள்ளச் சொல்லி நீ எத்தனை தடவை கெஞ்சியிருப்பாய்?

நான் ஓடி முடித்து, சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் அவருக்காகக் காத்திருந்தேன். சின்னச் சின்ன எட்டாக வைத்து ஓடி வந்தார். என்னைத் தாண்டிப் போனார். பக்கத்து வீட்டுப் பால்ராஜ் மாமா மகளின் பழைய லேடீஸ் சைக்கிளை எடுத்தார். இரண்டு தடவை தரையை உந்தினார். ஆடி ஆடி ரோட்டில் ஏறிப் போயே போய்விட்டார். நான் ஹெல்மெட் வாரைக்கூடப் போடாமல் பின்னால் விரட்டினேன்.

செம்பட்டி ரோட்டிலிருந்து பிரியும் கிராமத்துச் சாலை அது. இரண்டு பக்கமும் மக்காச்சோளம். பக்கத்தில் போய் இறங்குங்கள் என்று கத்தினேன். அவர் முகத்தைத் திருப்பவே இல்லை.

“பேசாத. திரும்பிப் பாத்தா விழுந்துருவேன்.”

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரவேண்டிய இடத்தில் ஒரு டிரம் வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி வளைக்க அவருக்குத் தெரியவில்லை. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுற்றி வந்து, மறுபடி ஏறினார். எல்லாரும் எங்களைக் கடந்து போய்விட்டார்கள். நான் அவருக்குப் பின்னாலேயே வந்தேன். கடைசி ஓட்டத்தில் அவர் நிற்கவே இல்லை. அவர் கடைசிக்கு முந்தியவர். நான் கடைசி.

வேப்பமரத்தடியில் மோர் கொடுத்தார்கள். பயம் தெளிந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுகிற ஆளுக்கு இது தேவையா, ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்வது என்று நாலு பேர் பார்க்கத் திட்டினேன். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“அன்னைக்கு ஒங்கம்மா ஸ்கூட்டி வாசல்லதாம்மா நின்னுச்சு. சாவி ஆணியில தொங்குச்சு. நான் ஓடுனேன்.”

எனக்கு முதலில் புரியவில்லை. அவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். உனக்கு நெஞ்சு வலி வந்த உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்திருக்கிறார். அவர்கள் மெயின் ரோடு வரைக்கும் வந்துவிட்டு, புதிதாகப் பிரித்த மனைகளுக்கு நடுவே இருக்கும் நம் வீட்டுக்கு வழி தெரியாமல் அங்கேயே சுற்றியிருக்கிறார்கள். அன்று அய்யலூர் சந்தை நாள், பால்ராஜ் மாமா ஆடு வாங்கப் போய்விட்டார். கூப்பிட வேறு ஆள் இல்லை. வழிகாட்ட ஒன்றரை கிலோமீட்டர் ஓடியிருக்கிறார் அப்பா. ஸ்கூட்டியைக் கடந்துதான் ஓடியிருக்கிறார்.

“செத்த நேரம் இரு, வந்துர்றேன்னு அவகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். தலையாட்டுனா. ஓட்டத் தெரிஞ்சிருந்தா மூணு நிமிசம். இனி ஓட்டக் கத்து யாரக் காப்பாத்தப் போறேன்? ஆனாலும் கத்துக்காம இருக்க முடியலம்மா. ஓட்டத்துக்கு அப்புறம் சைக்கிள்னு சொன்னாங்க, பேரு குடுத்துட்டேன்.”

அம்மா, நீ தலையாட்டினாயா? அவர் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாயா?

இப்போது நான் செய்ததைச் சொல்லவேண்டும். அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர், பத்து நிமிடம் முன்னால் வந்திருக்கலாம் என்றார். நான் சொந்தபந்தம் எல்லார் முன்னாலும் அப்பாவிடம், “அந்தப் பத்து நிமிசம் என்னப்பா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?” என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவைத்தான் நான் பதிலாக எடுத்துக்கொண்டேன். சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கும் அப்படியே சொன்னேன், அப்பா லேட் பண்ணிவிட்டார் என்று. அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று பிரான்சி இத்தனை மாதமாக அப்பாவிடம் பேசவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான்தான்.

மன்னித்துவிடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் மோர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்தார். அவ்வளவுதான்.

அங்கேயே உட்கார்ந்து தம்பிக்குப் போன் போட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன். பிறகு அவன் கேட்டான்.

“அப்பா பக்கத்துல இருக்காராக்கா?”

போனை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டார். அவன் என்ன சொன்னானோ, எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் ம், ம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டார்: “சாப்டியாப்பு?”

இன்னும் நெய்க்காரப்பட்டிப் பெரியம்மா இருக்கிறார்கள், சித்தி இருக்கிறாள், உன்னோடு வேலை பார்த்த டீச்சர்கள் இருக்கிறார்கள். அன்று நான் கேட்டது அவர்கள் அத்தனை பேர் காதிலும் விழுந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவேன். அவர் முன்னாலேயே, அவர் ஓடினார் என்று சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அப்பாவைத் தெரிந்துகொள்ள இத்தனை நாள் எடுத்துக்கொண்ட உன் மூத்த மகள்,
ஸ்டெல்லா