தங்க மக்ரோனி

அஃபுலா,
9 பிப்ரவரி 1992

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? பக்கத்து வீட்டு ஸோயா கொண்டுவரும் சூப்பில் உப்பில்லை, உறைப்பில்லை என்று நொட்டை சொல்லாமல் குடியுங்கள். அங்கே முழங்கால் வரை பனி என்று எழுதியிருந்தீர்கள். இங்கே பாதாம் மரமெல்லாம் பூத்துவிட்டது.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்னும் உதவியாளர்தான். கோமெலில் பாலர் பள்ளியையே நடத்தியவள், இங்கே தூரிகை கழுவுகிறேன், மூக்குத் துடைக்கிறேன். நான் ஹீப்ருவில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், ஐந்து வயது ஓதெலியா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதை முடித்துவைக்கிறாள். மற்றதுகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது. வீட்டுக்கு வந்தபிறகுதான் அழுகை.

ஒரு செய்தி. ஆசிரியை திர்ஸாவுக்கு இது ஏழாவது மாதம். பெசாஹ் பண்டிகை விடுமுறைக்குப் பிறகு வரமாட்டாள். அவள் இடத்துக்கு என் பெயரையே சொல்லியிருக்கிறாளாம். மேற்பார்வையாளர் பத்யா அம்மையார் வந்து பார்த்து முடிவு சொல்வார். நான் ஆசிரியையானால் நீங்கள் இங்கே வந்துவிடுவதாகச் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா?

அன்பு மகள்,
இனா

கோமெல்,
1 மார்ச் 1992

மகள் இனெஸ்ஸாவுக்கு,

நினைவிருக்கிறது. கணக்கு வாத்தியார் சொன்ன சொல் மாறமாட்டான். ஆசிரியை என்று எழுது, மறுநாளே பெட்டி கட்டுகிறேன். தூரிகை கழுவுகிற மகளின் வீட்டில் இன்னொரு வாயாகப் போய் உட்கார மாட்டேன். வேலை கிடைக்கவில்லை என்றால் நீ திரும்பி வா. உன் பழைய இடம் காலியாகத்தான் இருக்கிறது, பேசி வைத்திருக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதே, ஒன்று கேட்கிறேன். பெசாஹ் பற்றி உனக்கு என்ன தெரியும்? நம் வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, யாரோ ஒளித்துக் கொண்டுவந்த மட்சா என்னும் பண்டிகை ரொட்டியில் வெண்ணெய் தடவி, பக்கத்திலேயே கறுப்பு ரொட்டியையும் வைத்துத் தின்றோம். அதை வைத்தா பாடம் நடத்தப்போகிறாய்? நாற்பது வயதில் நாக்கும் வளையாது. தோற்றால் வெட்கப்படாதே.

ஸோயாவின் சூப்பில் இப்போது உப்பு இருக்கிறது. உப்பு மட்டும்தான் இருக்கிறது.

உன் அப்பா,
வேனியமின் குர்விச்

அஃபுலா,
9 ஏப்ரல் 1992, வியாழன்

என் அருமை அப்பாவுக்கு,

முதலில் உட்காருங்கள். இன்று நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே நம்பிக்கை வரும்.

திர்ஸாவை மருத்துவர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். அதனால் இந்த வாரம் முழுக்கப் பள்ளி என் தலையில். பண்டிகைக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு என்ன கொண்டுபோகலாம் என்று யோசித்து, பண்டிகை மேசையில் மட்சாவை மூடிவைக்கும் வெள்ளைத் துணியை அலங்கரிக்கச் சொன்னேன். அலங்காரம் எதால் தெரியுமா? மக்ரோனியால்! கோமெலில் பெண்கள் தினத்துக்கு நாங்கள் செய்வோமே, அதேபோல மக்ரோனிக்குத் தங்கச் சாயம் பூசித் துணியில் ஒட்டினோம்.

ஒட்டும்போதே ஓதெலியா கேட்டாள். "இனா, இது ஹமெட்ஸ்தானே?" என்றாள். என் காதில் அது 'ஹமூட்ஸ்', அதாவது புளிப்பு, என்று விழுந்தது. "புளிக்கல்லாம் செய்யாதுடி கண்ணு. வாயில வைக்காம ஒட்டு" என்றேன். அவளும் பெரியவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒட்டிவிட்டாள்.

இன்று காலை எல்லாவற்றையும் கொடியில் காயப் போட்டிருந்தேன். வகுப்பே தங்கமாய் மின்னியது. ஓதெலியாவின் அம்மா மசால் உள்ளே வந்தவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"ஐயையோ இனா! பெசாஹ் மேசையில மக்ரோனியா? எங்க மாமியா பாத்தா மேசையோட என்னையும் சேத்துத் தெருவுல தூக்கிப் போட்ருவா!"

"ஏன்? நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஹமெட்ஸ்டி, ஹமெட்ஸ்! புளிக்கிற மாவுல செஞ்ச எதுவும் வீட்டுக்குள்ளயே இருக்கக் கூடாது. காருக்குள்ள ரொட்டித்தூள் கிடக்கான்னு ராத்திரி முழுக்கத் துடைச்சிட்டு வரேன், நீ என்னடான்னா தங்கம் பூசித் தர!"

திரும்பிப் பார்த்தால் வாசலில் பத்யா அம்மையார் நிற்கிறார். முழுவதையும் கேட்டுவிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவுதான், கோமெலுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். பொய் சொல்லிச் சமாளிக்கக்கூட எனக்கு ஹீப்ரு போதாது. அதனால் உண்மையையே சொன்னேன். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, "நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன். நான் பொறந்த ஊர்ல இதெல்லாம் யாரும் சொல்லித் தரல. இப்ப என்ன பண்ணணும்? நீங்க சொல்லிக் கொடுங்க" என்றேன்.

ஹமெட்ஸைத் தேடியெடுத்து எரிக்கணும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பிறகு கூரை பறந்தது!

"மெழுகுவத்தி வேணும்!" "இறகு எங்க, இறகு?" "மரக்கரண்டியில அள்ளணும், கையால தொடக் கூடாது!" "தேடும்போது பேசக் கூடாது, இனா. நீதான் பேசுற!" ஓதெலியா எனக்கு மந்திரத்தை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித்தந்தாள். நான் தப்பாகச் சொன்னால் விடவில்லை, மறுபடி சொல்லவைத்தாள். துணிகளிலிருந்து மக்ரோனியைப் பிய்த்து, அலமாரிக்கு அடியில் உருண்டு கிடந்ததையும் இறகால் கூட்டி எடுத்தார்கள். முற்றத்தில் பழைய தகர டப்பாவில் போட்டு மசால் தீ மூட்டினாள். தங்கச் சாயம் பச்சையாய் எரிந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் எதிர் வீட்டுக்காரர்கள் எல்லாம் சன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

பத்யா அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையாம்.

"இந்தப் பாடத்த டீச்சருங்க நடத்தி நெறைய பாத்திருக்கேன்" என்றார். "பிள்ளைங்க நடத்தி இன்னைக்குத்தான் பாக்குறேன். இந்த வயசுல சொல்லிக் கொடுத்தது மறக்கவே மறக்காது. உங்க ஹீப்ரு மோசம்மா. அத அந்தப் பொண்ணு பாத்துக்குவா. விடுமுறை முடிஞ்சு திர்ஸா நாற்காலியில நீங்க உக்காருங்க."

அப்பா, நான் ஆசிரியை! மசால் என்னைத் தூக்கிச் சுற்றினாள். பண்டிகை விருந்துக்கும் அவள் வீட்டுக்கே அழைத்திருக்கிறாள், அந்த மாமியாரோடு. எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள்.

உங்கள் மகள்,
ஆசிரியை இனெஸ்ஸா குர்விச்

கோமெல்,
3 மே 1992

என் தங்கமே இனா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இருமலைக் கேட்டு ஸோயா ஓடிவந்து, அவளுக்கும் படித்துக்காட்டி, அவள் படிக்கட்டில் நின்று எல்லா மாடிக்கும் கேட்கக் கத்திவிட்டாள். மூன்றாவது மாடிக்காரன் இத்தனை நாள் என்னிடம் பேசாதவன், இறங்கி வந்து கைகுலுக்கினான். நானும் விறைப்பாக நின்று வாங்கிக்கொண்டேன், ஏதோ நானே பரீட்சை எழுதியதுபோல.

தோற்றால் வெட்கப்படாதே என்று எழுதியவன் வாயில் மண். நீ எதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை.

வீட்டை ஸோயாவின் மகன் எடுத்துக்கொள்கிறான். மின்ஸ்க்கில் பயணத் தாள்கள் தயார். ஜூன் மாதத்தில் வந்துவிடுவேன். அளவுகோலும் காம்பசும் கொண்டுவருகிறேன், இரண்டு போர்வையும்.

ஒரே ஒரு பயம்தான். எனக்கு அறுபத்தெட்டு வயது. ஹீப்ருவில் முதல் எழுத்துக்கூடத் தெரியாது. மந்திரமும் தெரியாது, பாட்டும் தெரியாது. உங்கள் பள்ளியில் பின்வரிசையில் ஒரு நாற்காலி இருக்குமா? சின்ன நாற்காலி என்றாலும் பரவாயில்லை, முழங்காலை மடக்கிக்கொள்கிறேன். மூக்கை நானே துடைத்துக்கொள்வேன். ஓதெலியா அம்மையாரிடம் கேட்டுச் சொல்.

இப்படிக்கு,
சேர்க்கைக்குக் காத்திருக்கும் மாணவன்,
வேனியமின்