நான் வைத்த மீன்குழம்பு

வேய், நேற்று நாகர்கோவிலில் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டலுக்கு மகள் என்னைக் கூட்டிப்போனாள். உலகத்துச் சாப்பாடெல்லாம் அங்கே கிடைக்குமாம். மெனு அட்டையைப் பிரித்தேன். அடோபோ, கொஷாரி, இஞ்சேரா. எது எந்த நாட்டின் தேசிய உணவு என்று வேறு பக்கத்திலேயே போட்டிருந்தான். வாசிக்க வாசிக்க உம் ஞாபகம்தான். எனக்கு ஒரு எலுமிச்சை ஜூஸ் போதும் என்று அட்டையை மூடிவிட்டேன்.

அதெல்லாம் சவூதியில் நம் கேம்ப் மெஸ்ஸில் நீர் சமைத்தவை. எல்லா நாளும் இல்லை. எவனுக்காவது ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால், அன்றைக்கு அவன் தேசத்துச் சாப்பாடு ஒன்றைத் தனியாக வைப்பீர். விமானம் பிடித்துப் போனாலும் பாதிப் பேருக்கு அடக்கத்துக்கு எட்டாது. "ஊருக்குப் போக முடியாதவனுக்கு ஊர்ச்சோறாவது கெடைக்கட்டும் மக்கா" என்பீர். பிலிப்பைன்ஸ்காரனின் அப்பா இறந்தபோது வினிகரும் பூண்டும் போட்டுக் கோழி. எகிப்துக்காரனுக்கு அரிசியும் பருப்பும் மக்ரோனியும் கலந்து, மேலே பொரித்த வெங்காயம். எத்தியோப்பியாக்காரனுக்கு அவன் ஊர் மாவு கிடைக்காமல், கேழ்வரகு மாவைப் புளிக்கவைத்துத் தோசை மாதிரி ஊற்றினீர். அங்கே அவன் அக்காளை அடக்கம் செய்துகொண்டிருந்த நேரம், இங்கே அதைப் பிய்த்துப் பிய்த்துத் தின்று அழுதான். நான் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். பாத்திரம் கழுவித் தருவதோடு சரி. உமக்குச் சாவுவீட்டுச் சமையல்காரன் என்று பட்டப்பெயர் வைத்ததும் நான்தான்.

பிறகு உம் அம்மை போன செய்தி வந்தது. நீர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டீர். உமக்கு யார் வைப்பார்கள்? வீட்டுக்காரிக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு, நெய்மீன் வாங்கி, தேங்காய் அரைத்து, நானே குழம்பு வைத்தேன். நம்ம ஊர்ச் சாப்பாடு என்றால் எனக்கு வேறென்ன தெரியும்? நீர் எழுந்து உட்கார்ந்து தட்டைப் பார்த்தீர்.

"யாரு மக்கா வச்சது?"

"நான்தான் வேய்."

ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றீர். கண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. அம்மைக்காக என்று நினைத்தேன். மிளகாயைக் கூட்டிப் போட்டுவிட்டேனோ என்றும் நினைத்தேன். ரெண்டு நாள் கேம்ப் முழுக்கப் பெருமை பேசித் திரிந்தேன்.

நாம் ஊர் திரும்பி இத்தனை காலம் கழித்து, போன வாரம் உம்மைத் தகனம் செய்த மூன்றாம் நாள் உம் வீட்டுக்கு வந்தேன். உம் வீட்டம்மா இலை போட்டுச் சோறும் ரசமும் வைத்துவிட்டு, தப்பாக நினைக்க வேண்டாம் என்றாள். "பதினாறு கழியறது வரை இங்க மீனும் கறியும் சேக்கப்பிடாது அண்ணே. அவங்க அம்மைக்கு அங்க தனியாக் கெடந்தும் பதினாறு நாளும் சுத்தமாக் காத்தாங்களே. அந்த மனுசனுக்கு நாங்க காக்காண்டாமா?"

கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தேன். உங்கள் ஆட்கள் வீட்டுப் பதினாறாம் நாள் அடியந்திர விருந்துக்கு எத்தனை தடவை வந்து இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன்! அதற்கு முந்தின நாட்கள் எப்படிப் போகின்றன என்று ஒருதரம்கூடக் கேட்டதில்லை. எங்கள் தெரு முழுக்கக் கிறிஸ்தவச் சபைக்காரர்கள். பாவி நான், பெற்ற தாய்க்கு நீர் காக்க வேண்டிய விரதத்தை என் கையாலேயே முறித்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா வேய்? தட்டை நகர்த்தி வைத்திருந்தால் நான் என்ன கோவிக்கவா போகிறேன்? வீட்டம்மாவிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் போய்விட்டீரே. அவளிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். உம்மைப் பற்றி அவள் வைத்திருக்கும் பெருமையில் ஒருநாளைக் குறைக்க எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் என் வீட்டில் சாளைமீன் குழம்பு. வேண்டாம், பதினாறு கழியட்டும் என்றேன். வீட்டுக்காரி அகப்பையும் கையுமாக நின்று என்னை முறைத்தாள்.

"நாம வேதக்காரங்களாக்கும். நமக்கு ஏது பதினாறு? அவரு என்ன உங்க கூடப்பிறந்தவரா?"

ஆமா என்று சொல்லிவிட்டு, மோரை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தேன்.