வாஷிங்டனுக்கு ஒரு வேண்டுகோள்

பிப்ரவரி 10, திங்கள்

இன்று மாநிலச் சபையில் நான்கு தீர்மானங்கள் வாசித்தேன். ஒன்று மிளகாய் விவசாயிகளைப் பாராட்டி, ஒன்று ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பாராட்டி. உறுப்பினர்கள் கொண்டுவருவதைச் சபைக்கு உரக்க வாசிக்கும் எழுத்தர் நான்; பதினோரு வருஷமாக இதுதான் என் வேலை. கல்யாண வாழ்த்தும் சாவு இரங்கலும் உன் வாயில் ஒரே மாதிரிதான் வரும் என்று என் புருஷன் நெமேசியோ கேலி செய்வான்.

வீட்டுக்கு வந்தால் அவன் போனைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நிற்கிறான். மெக்சிகோ எல்லை ஊரான ஹுவாரெஸிலிருந்து அவன் தங்கை. அம்மாவுக்குப் பக்கவாதமாம், வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டதாம்.

பிப்ரவரி 11

ஐந்து மணி நேரம் காரோட்டினால் எல்லைப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் அவன் அம்மா. போவதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். திரும்பி வருவதுதான் முடியாது. ஒருமுறை பிடித்து மெக்சிகோவுக்கு அனுப்பி, மறுபடி ஒளிந்து வந்தவன். அமெரிக்கக் குடிமகளான என்னைக் கட்டியும் பிரயோஜனமில்லை. வெளியே போனால் பத்து வருஷத்துக்கு மனுவே போட முடியாது என்று வக்கீல் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

நெமேசியோ சுவர்ப் பூச்சு வேலைக்குக் கிளம்பிப் போனான்.

பிப்ரவரி 13, வியாழன்

அடுத்த வாரப் பட்டியலில் ஒரு தீர்மானம்: குடியேற்றச் சட்டத்தை மாற்றக் கோரி. அவனிடம் சொன்னேன். மூன்று நாளில் முதல்முறையாக முகம் தெளிந்தது.

"நெசமாவா ஓஃபே? எப்போ ஓட்டு?"

"இருபதாம் தேதி. அதுவரைக்கும் பொறுத்துக்கோயேன்."

அது வெறும் கடிதம் என்று சொல்லியிருக்க வேண்டும். சட்டத்தை மாற்றுவது வாஷிங்டன் கையில், நாங்கள் கேட்கத்தான் முடியும். இப்படி எத்தனை கடிதம் என் வாயாலேயே வாசித்திருக்கிறேன், எதற்காவது பதில் வந்ததுண்டா? ஆனாலும் சொல்லவில்லை. அவன் போகக் கூடாது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 17

தங்கை மறுபடி கூப்பிட்டாள். அம்மாவுக்குப் பேச்சு குழறுகிறது, அவன் பேர் மட்டும் தெளிவாக வருகிறதாம். "வியாழக்கிழமை ஓட்டு இருக்கு, அது முடியட்டும்"னு இவன் அவளுக்குச் சமாதானம் சொல்கிறான். சீ, நானெல்லாம் ஒரு பெண்டாட்டியா?

பிப்ரவரி 20, வியாழன்

அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தான். சாவு வீட்டுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு பார்வையாளர் மாடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தான்.

வழக்கமாகத் தலைப்பை மட்டும் வாசித்தால் போதும். எல்லாரும் தலையாட்டி மீதியை விட்டுவிடுவார்கள். இன்று உறுப்பினர் ஹாக்கெட் எழுந்தார். இந்தத் தீர்மானம் அவருக்கு வேப்பங்காய்.

"ஆட்சேபணை. முழுசா வாசிக்கட்டும். எதுக்கு ஓட்டுப் போடறோம்னு தெரிய வேண்டாமா?"

நேரத்தைக் கடத்தும் வேலை. ஆனால் விதி விதிதான். ஆறு பக்கம். "சட்டத்தால் பிரிந்து வாழும் குடும்பங்கள்" என்ற இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்தேன். சபாநாயகர் திரும்பிப் பார்த்தார். மாடத்தைப் பார்க்காமல் கடைசி வரி வரை வாசித்தேன் — "ஆகவே, இச்சபை வாஷிங்டனிலுள்ள காங்கிரஸைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது."

நாற்பத்தொன்றுக்கு இருபத்தேழு. நிறைவேறியது. கைதட்டினார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் நெமேசியோ காத்திருந்தான்.

"கேட்டுக்கிறாங்க. அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

கொஞ்ச நேரம் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"எழுபது பேரு. எல்லாரும் பெரிய மனுஷங்க. அவங்களாலயே கெஞ்சத்தான் முடியுதுன்னா, நான் யாரை நம்பி எங்க அம்மாவைக் காக்க வெக்கறேன்?"

கோபமே இல்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். ஆறு பக்கத்தையும் வாசிக்க வைத்த ஹாக்கெட்டை மனசுக்குள் சபித்தேன். பொய் சொன்னது நான்.

பிப்ரவரி 21

அம்மாவிடம் போகிறேன் என்றான். சண்டை போட்டேன். நியாயம் என் பக்கம் இல்லாததால் சத்தம்தான் அதிகமாக இருந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

விடிந்ததும் கிளம்பினோம். அவனுக்கு ஒரே ஒரு பெட்டி, அப்புறம் பூச்சுக் கரண்டிகள். வழியில் நிறுத்தி பர்ரிட்டோ வாங்கினான்; எனக்கு இறங்கவில்லை, என்னுடையதையும் அவனே சாப்பிட்டான். தெற்கே போகும் பாலத்தில் எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாமியார் கட்டிலில் இருந்தார். இடது கையால் அவன் நரைத்த தலையைத் தடவிப் பார்த்தார். பத்தொன்பது வருஷம் கழித்துப் பார்க்கிறார்.

"ஏன்டா இவ்ளோ நேரம்?" என்றார் குழறலாக, கடைக்குப் போனவனைக் கேட்பதுபோல.

"வழியில கூட்டம்மா," என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதான். அங்கே பார்த்தபோது, இவனை இத்தனை நாள் பிடித்து வைத்திருந்தது சட்டம் மட்டுமில்லை என்று தோன்றியது. நானும்தான்.

நாளை ஒன்பது மணிக்குச் சபை. சாயங்காலம் நாலு மணிக்கே கிளம்பிவிட்டேன். வாசல் வரை வந்து, காரின் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்து கொடுத்தான். "மெதுவா போ," என்றான்.

திரும்பும் பாலத்தில் ஒன்றரை மணி நேர வரிசை. அதிகாரி குனிந்து பக்கத்து இருக்கையைப் பார்த்தார்.

"கூட யாரு?"

"யாருமில்ல. நான் மட்டும்தான்."

போகச் சொன்னார்.